பட்ட மரத்துக்குக் கூலி

“‘உயிரோட நின்னப்போ இருபதாயிரம், செத்த பிறகு எழுபதாயிரமா? பொணம் தூக்கறவன்கூட இப்படிக் கேட்க மாட்டான்.’ இதுதான் சாமி, அம்மா என்னைப் பாத்துச் சொன்னது. ஒரு வார்த்தை நான் கூட்டலை,” என்றார் மரம் எடுக்க வந்த இருதயராஜ்.

“கூட்டலை, குறைச்சுட்டே,” என்றாள் வத்சலா. “கொள்ளைக்காரன்னும் சொன்னேன். அதை விட்டுட்டே.”

“அது நேத்து சொன்னதும்மா.”

“நேத்து சொன்னா இன்னிக்குக் காலாவதியாயிடுமா?”

சாமி துவைத்த வேட்டியைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரையும் கடைசி வரைக்கும் பேசவிட்டார். பேசி ஓய்ந்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, “மரத்துக்கிட்டப் போய்ப் பேசுவோம்” என்றார்.

சிறுமலை அடிவாரத்தில், டவுன் பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்துக்குப் பின்னால், ஆறடிச் சந்து ஒன்றின் முடிவில் இருந்தது அந்த மடம். சாமிக்கு முப்பத்தொன்பது வயது. அதே தடத்தில் கண்டக்டராக இருந்தவர். ஒருநாள் கடைசி டிரிப்பை முடித்து, பையை டெப்போவில் ஒப்படைத்துவிட்டு, நடந்தே திரும்பி வந்து இங்கே உட்கார்ந்தவர்தான். ஊர் அவரைக் கண்டக்டர் சாமி என்றது. அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. வருத்தமெல்லாம் வத்சலாவுக்குத்தான். கான்வென்ட்டில் படித்து, மூன்று மைத்துனர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்து, ஒரு வீட்டை முப்பது வருஷம் கட்டி மேய்த்தவள். குரு தன்னைவிடப் பதினேழு வயது சின்னவர் என்பதை ஒன்பது வருஷமாக மன்னித்து வந்தாள்.

மடத்தின் கணக்கு வழக்கு, கடிதம், கரண்ட் பில் எல்லாம் அவள் பொறுப்பு. தியான ஹால் அவள் கட்டியது. ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டு, ஒவ்வொரு கிரானைட் கல்லையும் தட்டிப் பார்த்துப் பதிக்க வைத்தது. அந்தக் கற்களில் நாலைந்தைத்தான் தூங்குமூஞ்சி மரத்தின் வேர் அரையடி உயரம் தூக்கிவிட்டது.

அந்த மரம் இப்போது பட்டு நின்றது. மூன்று பேர் கைகோத்தால் கட்டலாம், அவ்வளவு பருமன். ஒரு இலை கிடையாது. பட்டை தோல் உரிகிற மாதிரி உரிந்து தொங்கியது. மொத்த மரமும் மதில் சுவரைத் தாண்டி, பின்பக்கத்துப் பாண்டியம்மாள் வீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி சாய்ந்திருந்தது.

பாண்டியம்மாள் மடத்தில் சமையல் செய்பவள். போன வெள்ளிக்கிழமை, காற்றே இல்லாத பகல் பொழுதில், தொடை கனத்துக்கு ஒரு கொப்பு முறிந்து அவளுடைய துணி துவைக்கிற கல்லின்மேல் விழுந்தது. அந்த நேரத்தில் அவள் மடத்தில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் இன்றைக்கும் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஐப்பசி பிறந்து நாலு நாள். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. மழையோடு காற்று வந்தால் மரம் நிற்காது என்பது சந்தில் திரிகிற ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

“சாமி, நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணு,” என்றாள் வத்சலா. “ஒரு மரத்தை எடுக்க இவ்வளவு ஆகும்னு எதை வச்சுச் சொல்றாங்க? உயரமா, பருமனா, இல்லை கேட்கறவ கழுத்துல கிடக்கிற செயினா?”

“நான் டிக்கெட் கிழிச்சவன்மா. மரம் ஏறினதில்லை. தெரிஞ்சவர் நிக்கறார், அவரைக் கேளுங்க.”

“அவர் பொய் சொல்லுவார்.”

“எந்த இடத்துல பொய் வருதுன்னு கவனிங்க. நானும் கவனிக்கிறேன்.”

இருதயராஜ் தோளில் கிடந்த கயிற்றுச் சுருளை இறக்கித் தரையில் வைத்தார். மரம் எடுக்கிற தொழிலில் இருபத்தாறு வருஷம். இடது கையில் சுண்டுவிரல் இல்லை. அவருடைய ஆள் செபஸ்தி சந்து முனையில் மிஷின் ரம்பத்தின் மேல் துண்டைப் போட்டு, பக்கத்தில் குந்தியிருந்தான். மரம் ஏறுகிறவன் அவன்தான். இருதயராஜின் தங்கையைக் கட்டியவன்.

“எங்க தொழில்ல முதல் கேள்வி ஒண்ணுதாம்மா,” என்றார் இருதயராஜ். “சாய்க்கணுமா, இறக்கணுமா?”

“இரண்டும் ஒண்ணுதானே.”

“இல்லைம்மா. சாய்க்கிறதுன்னா அடியில அறுத்து விட்டுடறது. அது பாட்டுக்குப் போய்ப் படுக்கும். இறக்கறதுன்னா உச்சியில இருந்து ஒவ்வொரு கொப்பாக் கயித்துல கட்டி, அறுத்து, தொட்டில் பிள்ளையை விடற மாதிரி கீழ விடறது. இதே மரம் ஒரு பொட்டல்ல நின்னா நாலாயிரம். அரை நாள் வேலை. நானும் இவனும் போதும்.”

“இங்கே ஏன் நாலாயிரம் இல்லை?”

“பாருங்க.” கையை நீட்டிச் சுற்றிக் காட்டினார். “இந்தப் பக்கம் உங்க ஹாலு. அந்தப் பக்கம் கரண்ட் கம்பி. லைனை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்து, அவங்க வர்ற நாளுக்கு நாங்க காத்துக் கிடக்கணும். பின்னாடி பாண்டியம்மா வீடு. சந்து ஆறடி, லாரி வராது. அறுத்த கட்டையைத் தலையில வச்சு ரோடு வரைக்கும் சுமக்கணும். தூரைத் தோண்டி எடுக்கறது தனி. மரத்துக்கு நாலாயிரம்தாம்மா. மிச்சமெல்லாம் மரத்தைச் சுத்தி இருக்கிறதுக்கு.”

வத்சலா சாமியைப் பார்த்தாள். சாமி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாச் சொன்னே,” என்றாள் வத்சலா. “இப்போ நான் கேட்கறேன். இரண்டு வருஷம் முந்தி நீ வந்து இருபது சொன்னியே, அப்போ ஹால் இல்லையா? கம்பி இல்லையா? பாண்டியம்மா வீடு நேத்து முளைச்சுதா? சந்து அப்போ அறுபதடியா இருந்து இப்போ ஆறடியாச் சுருங்கிடுச்சா?”

“எல்லாம் இருந்துச்சு.”

“பின்னே எது மாறிச்சு?”

இருதயராஜ் குனிந்து கயிற்றின் நுனியை எடுத்து, பிரிந்திருந்த புரிகளைச் சேர்த்து முறுக்கினார்.

“அப்போ மரம் எங்க பக்கம் இருந்துச்சும்மா,” என்றார்.

அடுப்படி வாசலில் பாண்டியம்மாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

“பச்சை மரம் ஏறுறவனைத் தாங்கும். கயிறு கட்டினா கொப்பு வளைஞ்சு கொடுக்கும். முறியறதாயிருந்தாலும் முன்னாடியே முனகும், நாங்க விலகிக்குவோம். பட்ட மரம் சொல்லாது. மிதிச்ச கொப்பு கையோட வரும். எந்தக் கொப்பு நிக்கும், எது நிக்காதுன்னு அதுக்கே தெரியாது. நத்தம் பக்கம் போன வருஷம் ஒரு பட்ட புளி. எங்க ஆள் ஒருத்தன் மேல இருந்தான். சத்தமே வரலைம்மா. நான் கீழ நின்னு பீடி பத்த வச்சிட்டு நிமிர்ந்தேன், அவன் தரையில கிடந்தான்.”

“எடை குறைஞ்சிருக்குமே,” என்றாள் வத்சலா. குரலில் பழைய முறுக்கு இல்லை. “இலை கிடையாது, ஈரம் கிடையாது. செத்த மரத்துக்கு பெர்மிஷன் கேட்கவும் அவ்வளவு அலைச்சல் இல்லை.”

“எடையாம்மா ஏறுது? ஆள்தானே ஏறுறான்.”

“விறகாச்சே. விறகுக்கடைக்காரன் எடுத்துக்க மாட்டானா?”

“முன்ன எடுத்திருப்பான். கட்டையை அவனுக்குக் கொடுத்துக் கூலியில கழிச்சிருப்போம். இப்போ பாருங்க.”

இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டினார். வெற்றுப் பீப்பாயின் சத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம் கீழே தட்டினார். முழங்கால் உயரத்தில் அரிவாள் நின்றது. குனிந்து பார்த்தார். களிமண் பூசிய ஒரு வட்டம். நகத்தால் சுரண்டினார். மண் உதிர்ந்து, உள்ளே விரல் நுழைகிற துளை தெரிந்தது. ஓரமெல்லாம் நீலம் பூத்திருந்தது. சுற்றி வந்து இன்னொன்றையும், அதற்கப்புறம் மூன்றாவதையும் கண்டுபிடித்தார்.

“மயில்துத்தம்,” என்றார். “துளை போட்டு அடைச்சிருக்காங்க. இது தானாப் பட்ட மரம் இல்லை சாமி. கொன்னது.”

அடுப்படியில் ரசம் பொங்குகிற வாசனை வந்தது.

இருதயராஜ் மதில் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப்புறம் தெரிந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பிப் பாண்டியம்மாளைப் பார்த்தார்.

“என்னை எதுக்குய்யா பாக்குற?” என்றாள் அவள்.

“இலை விழுது, காய் விழுதுன்னு நீதானே பொலம்புவே.”

“பொலம்புனேன். வாய் இருக்கு, பொலம்புனேன். மயில்துத்தம் வாங்கக் காசிருந்தா முதல்ல என் வீட்டுக் கூரை ஓட்டையை அடைச்சிருப்பேன்.”

“பின்னே யாரு?”

வத்சலா எண்ணிப் பார்த்தாள். சும்மா நின்றால் போதும். பாண்டியம்மாள் மறுப்பாள், இருதயராஜ் நம்ப மாட்டார், சாமி ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்று நாளில் பேச்சு அடங்கிவிடும். இத்தனை சுலபமான ஒரு காரியம் அவளுக்கு இந்த ஒன்பது வருஷத்தில் வாய்க்கவில்லை.

“நான்தான்,” என்றாள்.

பாண்டியம்மாள் கரண்டியை இறக்கினாள்.

“போன வருஷம் ஆனி மாசம். சாமி திருச்செந்தூர் போயிருந்தப்போ. வீட்டுல இருந்து டிரில்லிங் மிஷின் எடுத்துட்டு வந்தேன். பச்சையா இருந்தா ஆயிரம் பேரைக் கேட்கணும், இருபதாயிரம் கொடுக்கணும். பட்டுப்போனா தானா லேசாயிடும், பாதி விலைக்கு எடுத்துடலாம்னு கணக்குப் போட்டேன்.”

“யாரும்மா இப்படிச் சொல்லிக் கொடுத்தது?” இருதயராஜ் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“யாரும் சொல்லலை. நானே யோசிச்சேன்.”

இருதயராஜ் குனிந்து துளையை மறுபடியும் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் வத்சலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் சாமி பக்கம் திரும்பினாள். “திட்டுங்க.”

“எனக்குத் தெரியும்மா.”

“என்ன தெரியும்?”

“நான் திருச்செந்தூர்ல இருந்து வந்த அன்னிக்கு நீங்க இலையில உப்புமா வச்சுக் கொடுத்தீங்க. உங்க விரல் நுனியெல்லாம் நீலமா இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு மரத்தடியில புது மண் பாத்தேன்.”

வத்சலாவுக்குக் கோபம் வந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அவளுக்குப் பழக்கமான சாமான்.

“தெரிஞ்சுமா ஒண்ணே கால் வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? மரத்தை எடுக்கலாமான்னு உங்களைக் கேட்டப்போ என்ன சொன்னீங்க? ‘அது ஆரம்ப ஸ்டாப்புலேயே ஏறினது, நாம நடுவுல ஏறினவங்க’ன்னு ஜோக் அடிச்சீங்க. அந்த மரத்தைக் கொன்னவளைப் பாத்து ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா?”

“தோணுச்சு.”

“பின்னே?”

“மரம் குடிச்சது குடிச்சதுதான், அதைத் திருப்ப முடியாதுன்னு நினைச்சேன். கேட்டா நீங்க இந்த வாசல் ஏற மாட்டீங்க. ஒண்ணு போச்சு, இன்னொண்ணையாவது வச்சுக்கலாம்னு நினைச்சேன்.”

“வச்சுக்கிட்டீங்களா?”

சாமி கொஞ்சம் யோசித்தார். “இல்லைம்மா,” என்றார்.

இருதயராஜ் தொண்டையைச் செருமினார். “தப்பா எடுத்துக்காதீங்க சாமி. அன்னிக்கே ஒரு ஆளை அனுப்பியிருந்தா, ஈரம் இருக்கும்போதே பழைய கூலிக்கு இறக்கியிருப்பேன். ஆறு மாசம் வரைக்கும் கொப்பு தாங்கியிருக்கும்.”

“அப்போ இதுல என் பங்கும் இருக்கு.”

“அதை நான் சொல்ல வரலை.”

“நீங்க சொல்லலை. நான்தான் சொல்றேன்.”

வத்சலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தன் வீட்டில் ஏதாவது உடைந்தால், யார் உடைத்தது என்ற பேச்சு முடிவதற்குள் துடைப்பத்தை எடுத்துவிடுகிறவள் அவள். “சரி. போதும். ஆளாளுக்குப் பங்கு பிரிச்சது போதும். எழுபதுதானே? நான் தர்றேன். மடத்துப் பணம் வேண்டாம், என்னோடது. எண்பதாவே தர்றேன். நாளைக்கு ஆரம்பிங்க.”

இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னய்யா, பத்தலையா?”

“அம்மா, நீங்க வேண்டாம்னு சொல்லணும்னுதான் எழுபது சொன்னேன்.”

“என்னது?”

“எங்க தொழில்ல முடியாதுன்னு யாரும் சொல்றதில்லைம்மா. சொன்னா மூணு ஊருக்குப் பேர் கெட்டுடும், அப்புறம் ஒருத்தர் கூப்பிட மாட்டாங்க. அதனால பெரிசா ஒரு தொகையைச் சொல்லுவோம். கேட்டவங்க கோபப்பட்டு வையத் தொடங்கினாங்கன்னா, தப்பிச்சோம்னு வண்டி ஏறிடுவோம். நேத்து நீங்க கொள்ளைக்காரன்னு சொன்னீங்களே, எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு.”

பொய் எந்த இடத்தில் வரும் என்று காத்திருந்தவளுக்கு, அது இந்த இடத்தில்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

“கிரேன் கொண்டு வாங்க,” என்றாள்.

“ரோட்டுல நிறுத்தினா எட்டாதும்மா. சந்துக்குள்ள வராது.”

“தீயணைப்புல சொல்லலாம்.”

“அவங்க வண்டியும் சந்துக்குள்ள வராது. அவங்களும் ஏணியை இதுமேலதான் சாத்தணும்.”

சாமி கேட்டார். “இந்தப் பக்கம் இழுத்துச் சாய்ச்சா? ஹால் மேலயே விழட்டும்.”

வத்சலா வாயைத் திறந்தாள். கிரானைட், தேக்குக் கதவு, நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வெட்டிய கல்வெட்டு. எல்லாம் ஒரு கணம் தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். “விழட்டும்,” என்றாள்.

“இழுக்கணும்னா உச்சியில கயிறு கட்டணும் சாமி. அதுக்கும் ஒருத்தன் ஏறணும். கீழ நின்னு கயித்தை எறிஞ்சு மாட்டிப் பாக்கலாம். மாட்டின கொப்புதான் கையோட வரும். மரம் அது போக நினைச்ச பக்கம்தான் போகும்.”

“அப்போ பாண்டியம்மாவைக் காலி பண்ணச் சொல்லலாம்,” என்றாள் வத்சலா. “பாண்டியம்மா, நீயும் உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்கு வந்துடுங்க. மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு. மரம் விழறது விழட்டும்.”

பாண்டியம்மாள் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

“எந்த வாசல் வழியாம்மா வர்றது?” என்றாள்.

“என்ன பேச்சு இது?”

“தீபாவளிக்குத் தீபாவளி உங்க வீட்டுக்குப் பலகாரம் சுட வர்றேன். கொல்லைப்பக்கமாத்தான் வர்றேன், கொல்லைப்பக்கமாத்தான் போறேன். மாடிப்படி எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. அதான் கேட்டேன்.”

வத்சலா பார்வையை மதில் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

“நான் வந்துடறேன்னே வச்சுக்கங்க,” என்றாள் பாண்டியம்மாள், இன்னும் தணிந்த குரலில். “அது புறம்போக்கு. பட்டா கிடையாது. நிக்கிற வரைக்கும் வீடு. விழுந்துச்சுன்னா திரும்ப ஒரு செங்கல் வைக்க விட மாட்டாங்க. இருபத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டு இருக்குன்னுதான் விட்டு வச்சிருக்காங்க. நீங்க எனக்கு ரூம் தருவீங்க. மண்ணு யாரும்மா தருவா?”

அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். வெளியே வந்து பழையபடி நிலைப்படியில் நின்றாள். கரண்டியைக் கீழே வைக்க மறந்திருந்தாள்.

சந்து முனையிலிருந்து செபஸ்தி எழுந்து வந்தான். ஒல்லியான மனுஷன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் பழைய சிராய்ப்பு.

“எண்பதுன்னு அம்மா சொன்னது காதுல விழுந்துச்சு,” என்றான்.

“மாப்ள, நீ போய் உக்காரு,” என்றார் இருதயராஜ்.

“காலையில வெயில் ஏறுறதுக்கு முந்தி ஆரம்பிச்சா…”

“உக்காருன்னு சொன்னேன்.”

“மச்சான், நான் அம்மாகிட்டப் பேசறேன்.”

இருதயராஜ் வத்சலாவிடம் திரும்பினார். இந்த முறை அம்மா என்று கூப்பிடவில்லை. “என் தங்கச்சிக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போறான். எண்பதுன்னு கேட்டதும் அதுல எத்தனை வாரம் வரும்னு எண்ணியிருப்பான். மரத்தை அவன் நிமிர்ந்தே பாக்கலை, பாருங்க.”

நிஜம்தான். செபஸ்தி வத்சலாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்று இல்லை, கொடியில் கிடந்த வேட்டியை ஒருமுறை புரட்டிப் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. ஐந்து பேரும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். மரத்தில் ஒரு சத்தமும் இல்லை.

“சுவாமி,” என்றாள் வத்சலா. ஒன்பது வருஷத்தில் அவள் அந்தக் குரலில் அவரைக் கூப்பிட்டதில்லை. “நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கிட்டேன். அழணும்னா அழறேன், காலில் விழணும்னா விழறேன். ஆனா இதை எடுத்தாகணும். என்னதான் விலை? ஒரு முடிவாச் சொல்லுங்க. எதுவானாலும் கொடுக்கிறேன்.”

சாமி குனிந்து கயிற்றுச் சுருளை எடுத்தார். மரம் ஏறுகிறவன் இடுப்பில் கட்டுகிற கயிறு அது. வியர்வையில் கறுத்து, நடுவில் மட்டும் வழவழத்துப் போயிருந்தது.

தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

“வேண்டாம் சாமி,” என்றார் இருதயராஜ். “நீங்க முதல் கவட்டைகூடத் தாண்ட மாட்டீங்க. விழுந்தா உங்களோட போகாது. போற போக்குல மரத்தையும் அசைச்சு அந்த வீட்டுமேல தள்ளி விட்டுடுவீங்க.”

சாமி கயிற்றை இடுப்பிலிருந்து எடுத்தார். இருதயராஜிடம் நீட்டினார். இருதயராஜ் விரல் இல்லாத கையைப் பின்னால் கொண்டுபோனார். செபஸ்தி இரண்டு கையையும் நீட்டினான். அவனிடம் கொடுக்காமல் சாமி அவனைத் தாண்டி நடந்து, வத்சலாவின் முன்னால் வந்து நின்றார். அவள் கைகளைப் பிடித்து விரித்து, சுருளை அவற்றின்மேல் வைத்தார்.

அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

“விலை கேட்டீங்க இல்லையாம்மா,” என்றார். “இதை யார் இடுப்புல கட்டலாம்னு ஒரு பேர் சொல்லுங்க. கட்டிடுவோம்.”

வத்சலா கயிற்றைப் பார்த்தாள். பாண்டியம்மாள் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். இருதயராஜ் தரையைப் பார்த்தார்.

“என் பேரைச் சொல்லுங்கம்மா,” என்றான் செபஸ்தி.

வேட்டி மறுபடியும் கொடியில் புரண்டது.

“சொல்லுங்கம்மா.”